உடைந்தது வயர், மாற்றுவது மோட்டார்!

ஒரு கார். பின்பக்க வைப்பர் ஓடவில்லை. ஒரு வாரம் கழித்து நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை. அதற்கடுத்த மாதம் டிக்கி கதவின் சென்ட்ரல் லாக் வேலைநிறுத்தம் செய்கிறது. கார்க்காரர் என்ன செய்வார்? முதலில் வைப்பர் மோட்டாரை மாற்றுவார். பிறகு பல்பை மாற்றுவார். பிறகு பூட்டை மாற்றுவார். கடைசியில் "வண்டிக்கு வயசாயிடுச்சு, தள்ளி விட்டுடலாம்" என்று ஒரு முடிவுக்கு வருவார்.

உண்மையில் இந்த மூன்றில் எதுவுமே கெட்டுப்போகவில்லை. கதவுக் கீலுக்குப் பக்கத்தில், ஒரு ரப்பர் உறைக்குள்ளே, ஒரு சாண் நீளம் கூட இல்லாத இடத்தில் நாலைந்து வயர்கள் ஒடிந்திருக்கின்றன. அவ்வளவுதான்!

இது கட்டுக்கதை இல்லை. ஸ்டேஷன் வேகன் ஓடும் நாடுகளில் ஆண்டாண்டு காலமாக நடந்துவரும் கூத்து. ஸ்டேஷன் வேகன் என்றால் தெரியாதவர்களுக்கு: செடான் காரின் கூரையைக் கடைசிவரை நீட்டி, டிக்கிக்குப் பதிலாகப் பின்னால் மேல்நோக்கித் திறக்கும் பெரிய கதவு ஒன்றை வைத்தால் அதுதான் ஸ்டேஷன் வேகன். ரயில் நிலையத்திலிருந்து பெட்டி படுக்கையோடு ஆட்களை ஏற்றி வந்த வண்டிகளிலிருந்து வந்த பெயர். இங்கிலாந்தில் எஸ்டேட் என்பார்கள், ஜெர்மனியில் கோம்பி. நம்மூரில் 1990களில் ஓடிய டாடா எஸ்டேட் ஞாபகம் இருப்பவர்களுக்கு உருவம் புரிந்துவிடும். அந்தப் பெரிய கதவில்தான் பிரச்சினையே இருக்கிறது.

ஏன் ஒடிகிறது?

வைப்பர் மோட்டார், பின் கண்ணாடியைச் சூடாக்கும் ஹீட்டர், நம்பர் பிளேட் விளக்கு, பூட்டு... இத்தனைக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி இருப்பது வண்டியில், இவை இருப்பது ஆடும் கதவில். ஆகவே எல்லா வயரும் கூரையிலிருந்து கீல் ஓரமாகத்தான் கதவுக்குள் நுழைய வேண்டும். கதவு திறக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் வயர் வளைகிறது, மூடும்போதெல்லாம் திரும்ப நிமிர்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. நாளைக்கு 4 தடவை டிக்கியைத் திறந்து மூடும் குடும்பம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 1,460 தடவை. 10 வருஷத்தில் 14,600 தடவை. திறக்க ஒன்று, மூட ஒன்று என்றால் 29,200 அசைவுகள். எல்லாமே அதே இடத்தில், அதே இரண்டு அங்குலத்தில்!

கட்டுக்கம்பியைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிக்காத பையன் யாராவது உண்டா? செம்பும் அப்படித்தான். வளைக்க வளைக்க இறுகும், இறுக இறுக விறைக்கும், ஒருநாள் ஒடியும். வயருக்குள் இருக்கும் செப்பு இழைகள் ஒவ்வொன்றாக ஒடிகின்றன. மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல முழுசாக இருக்கும். அதனால்தான் வெளியிலிருந்து பார்க்கிற மெக்கானிக் கண்ணுக்குக் குற்றவாளி தெரிவதில்லை. குளிர்நாடுகளில் இன்னும் மோசம். பழைய பிளாஸ்டிக் உறை குளிரில் விறைத்து, வளைக்கும்போது வெடித்துவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் செம்பு தகரத்தில் உரசினால் ஃப்யூஸ் போகும்.

இதற்குப் பேர்போன வண்டி ஸ்வீடன் நாட்டு வோல்வோ 240 வேகன். 1974 முதல் 1993 வரை வந்த 240 வரிசையில் செடானும் வேகனும் சேர்த்து 26 லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள். பாதுகாப்புக்கும் உழைப்புக்கும் பேர் வாங்கிய வண்டி. எஞ்சின் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். ஆனால் டிக்கிக் கதவின் இரண்டு கீல் பக்கமும் போகும் வயர்க் கொத்துகள் மட்டும் ஒடியும். இந்த வண்டியை இன்றும் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் முதல் பத்துக் குறைகளில் இதைக் கண்டிப்பாகச் சொல்வார்கள். யானையைத் தாங்கும் சங்கிலியில் ஒரு வளையம் மட்டும் நூலால் செய்த மாதிரி.

சரி, பழைய காலத்துத் தப்பு, இப்போது திருந்தியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? 2021 டிசம்பரில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் 3,56,309 மாடல் 3 கார்களைத் திரும்ப அழைத்தது. 2017 முதல் 2020 வரையிலான மாடல்கள். காரணம் என்ன தெரியுமா? டிக்கி மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி, பின்பக்கக் கேமராவுக்குப் போகும் கேபிள் தேய்ந்து, கேமராப் படம் வராமல் போகலாம் என்பதுதான். அது வேகன் இல்லை, செடான். பெட்ரோல் கூட இல்லை, பேட்டரி வண்டி. ஆனாலும் வியாதி அதே வியாதி! 240-க்கும் மாடல் 3-க்கும் நடுவில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கீலுக்கும் வயருக்கும் உள்ள சண்டை மட்டும் தீரவில்லை.

எது உண்மையான நஷ்டம்?

வயர் ஒடிவது பெரிய குற்றமில்லை. அசைகிற பொருள் தேயத்தான் செய்யும். குற்றம் அடுத்த கட்டத்தில் நடக்கிறது. எது கெட்டது என்று பார்க்காமலேயே எதையாவது வாங்கி மாட்டுவது.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். எண்கள் கற்பனைதான், விஷயத்தைப் புரிந்துகொள்ள மட்டும். வைப்பர் மோட்டார் 90 யூரோ, பூட்டு 60, பல்பு 5. மூன்று தடவை பட்டறைக்குப் போக, தடவைக்கு ஒரு மணி நேரக் கூலி 70 வீதம் 210. மொத்தம் 365 யூரோ. இவ்வளவும் செலவழித்த பிறகும் வைப்பர் ஓடவில்லை! இப்போது ஒரு நல்ல எலக்ட்ரீஷியன் வந்து, "வயர்தான் போச்சு, மூணு மணி நேர வேலை, சாமானோட 230 ஆகும்" என்கிறார். கார்க்காரர் மனசுக்குள் 365-ஐயும் 230-ஐயும் கூட்டுகிறார். 595. வண்டியை விற்றால் 1,200 கிடைக்கும். "பாதி விலைக்கு ரிப்பேரா? வேண்டாம்" என்று பழைய இரும்புக்காரருக்குப் போன் போடுகிறார்.

வணிகவியல் முதல் வருஷம் படிக்கிற யாரும் இந்த இடத்தில் கையைத் தூக்குவார்கள். 365 யூரோ போனது போனதுதான். வண்டியை வைத்துக்கொண்டாலும் வராது, விற்றாலும் வராது. அதை முடிவுக்குள் இழுக்கவே கூடாது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இனிமேல் போடப்போகும் 230-க்கு இன்னும் எத்தனை வருஷ ஓட்டம் கிடைக்கும்? எஞ்சின் நன்றாக இருக்கிறது, பிரேக் நன்றாக இருக்கிறது, துருப்பிடிக்கவில்லை என்றால் அந்த 230 மாதிரி லாபமான முதலீடு வேறு கிடையாது. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போட்டுப் போட்டு ஒரு பொருளின் மதிப்பு பூஜ்யமாகலாம். அதற்காக அது ஓடாமல் நின்றுவிடுவதில்லை. புத்தக மதிப்பு வேறு, பயன் மதிப்பு வேறு.

"போகட்டும், வைப்பர்தானே, இல்லாமலே ஓட்டலாம்" என்று சிலர் சொல்வார்கள். எல்லா நாட்டிலும் அது நடக்காது. இங்கிலாந்தில் கார்களுக்கு மூன்று வயது ஆனதும் வருஷா வருஷம் எம்ஓடி என்ற தகுதிச் சோதனை உண்டு. பின் வைப்பர் ஓடாவிட்டால் அந்தச் சோதனை கண்டுகொள்ளாது. ஆனால் பின்பக்க நம்பர் பிளேட் விளக்குகள் எல்லாமே எரியவில்லை என்றால் வண்டி ஃபெயில். ஆக, 5 வாட் பல்புக்குப் போகும் ஒரு மெல்லிய வயர் ஒரு குடும்பத்தின் காரையே வாசலில் நிறுத்திவிடும். புதுக் கார் வாங்க வசதி உள்ளவருக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். பழைய வேகனில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, அதே வண்டியில் வேலைக்குச் சாமான் ஏற்றிப் போகிறவருக்கு இது பிழைப்பு.

கண்டுபிடிப்பது எப்படி?

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரே சமயத்தில் டிக்கிக் கதவில் இருக்கும் இரண்டு மூன்று சாமான்கள் மக்கர் செய்தால் முதல் சந்தேகம் வயர் மேல்தான் விழ வேண்டும். தனித்தனியாக மூன்று பொருள் ஒரே மாதத்தில் கெடுவதை விட, மூன்றுக்கும் பொதுவான ஒன்று கெடுவதுதான் நடக்கக்கூடியது. கதவு திறந்திருக்கும்போது வேலை செய்து மூடினால் நின்றுவிட்டால் சந்தேகமே வேண்டாம். வைப்பரைப் போட்டால் நம்பர் பிளேட் விளக்கு மங்குகிறதா? எல்லாவற்றுக்கும் பொதுவான எர்த் வயர் போயிருக்கிறது, கரண்ட் வேறு பொருள் வழியாகச் சந்துபொந்து தேடி ஓடுகிறது என்று அர்த்தம்.

பல பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். "கரண்ட் வருதே, அப்ப மோட்டார்தான் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். முப்பது இழையில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. மோட்டாரை ஓட்ட அந்த ஒற்றை இழையால் முடியாது. அதனால் ஒரு பழைய பல்பை இணைத்துப் பார்க்க வேண்டும், அல்லது சாமானை ஓடவிட்டு அப்போது அளக்க வேண்டும். சுமை ஏற்றினால்தான் உண்மை தெரியும். ஆட்களைப் பற்றியும் இதையே சொல்லலாம் :)

இன்னும் எளிய வழி: ரப்பர் உறையைக் கழற்றி ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பார்ப்பது. உள்ளே செம்பு ஒடிந்த வயர் ரப்பர் பேண்ட் மாதிரி நீளும். நல்ல வயர் நீளாது. இந்தச் சோதனைக்குச் செலவு பூஜ்யம். மோட்டார் வாங்கும் முன் ஐந்து நிமிஷம் இதைச் செய்திருந்தால் அந்த 365 யூரோ மிச்சம்.

சரி செய்வது எப்படி?

இங்கேதான் இரண்டு கட்சி. ஒரு கட்சி, ஒடிந்த இடத்திலேயே இரண்டு முனையையும் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடும். பத்து நிமிஷ வேலை. அடுத்த மழைக்குள் திரும்பவும் போகும். டேப்பின் பசை வெயிலில் இளகி நழுவும், முறுக்கிய இடம் தடித்து இன்னும் சீக்கிரம் ஒடியும். இன்னொரு கட்சி, கம்பெனி வயர்க் கொத்து முழுசையும் வாங்கி மாற்றச் சொல்லும். கிடைத்தால் நல்லதுதான், அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. 30 வருஷம் தாண்டிய வண்டிகளுக்குக் கம்பெனி எல்லாப் பாகமும் வைத்திருக்காது என்பதுதான் சிக்கல். 240 மாதிரி பேர்போன வண்டிகளுக்காவது வெளியார் சிலர் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மற்ற வண்டிகளுக்கு அதுவும் கிடையாது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதுதான் சரியான வழி. வளைகிற இடத்தில் இணைப்பே இருக்கக் கூடாது என்பதுதான் அதன் ஒரே விதி.

முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். கூரை ஓரத்துப் பேனலையும் கதவின் உட்பக்கப் பேனலையும் கழற்றினால் வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியும். ஒடிந்த பகுதிக்கு இரண்டு பக்கமும் தாராளமாகத் தள்ளி வெட்ட வேண்டும்: ஒரு வெட்டு கூரைக்குள், இன்னொன்று கதவுக்குள். நடுவில் போடும் புது வயர் மெல்லிய இழைகள் நிறைய உள்ளதாக இருக்க வேண்டும். சிலிக்கான் உறை போட்ட வயர் குளிரிலும் விறைக்காது. தடித்த இழை ஏழு இருப்பதை விட மெல்லிய இழை எழுபது இருப்பது அதிக நாள் வளையும். ஈர்க்குச்சி ஒடியும், நார் ஒடியாது, அதே கதைதான்.

பருமனில் கஞ்சத்தனம் கூடாது. நம்பர் பிளேட் விளக்கு அரை ஆம்பியர் கூட இழுக்காது. கண்ணாடி ஹீட்டர் 10 ஆம்பியருக்கு மேலேயே இழுக்கும். இரண்டுக்கும் ஒரே வயரைப் போட்டால் சூடாகி உருகும். பழைய வயர் என்ன பருமனோ அதற்குக் குறையாமல் போட வேண்டும். எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வந்தால் தடித்த முடிச்சாகிவிடும். அதனால் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வெட்ட வேண்டும். ஒரு வயரை வெட்டி இணைத்த பிறகே அடுத்த வயர். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிட்டு, பழுத்துப்போன கலர்களில் எது பழுப்பு எது சிவப்பு என்று டார்ச் அடித்துத் தேடியவர்கள் உண்டு.

சால்டரா, கிரிம்பா என்பதும் பழைய சண்டை. சால்டர் செய்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடம் குச்சி மாதிரி விறைக்கும். வளைகிற இடத்தில் இருந்தால் விறைப்பு முடியும் ஓரத்தில் ஒடியும். வளையாத இடத்துக்கு இணைப்பைத் தள்ளிவிட்டால் இரண்டும் சரிதான். மேலே ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டுச் சூடாக்கி மூடினால் தண்ணீர் இறங்காது. பழைய வயரை உருவுமுன் அதன் முனையில் ஒரு நூலைக் கட்டிவிட்டால், அந்த நூலைப் பிடித்தே புது வயரை இழுத்துக்கொள்ளலாம். ரப்பர் உறைக்குள் கொஞ்சம் டால்கம் பவுடர் போட்டால் சுலபமாக வழுக்கி ஏறும். பேனலை மாட்டும் முன் கதவை முழுசாகத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். எங்காவது வயர் இறுக்கமாக இழுபட்டால் இன்னும் கொஞ்சம் தளர்வு கொடுக்க வேண்டும்.

"ஆளாளுக்கு வயரை வெட்டினால் தீப்பிடிக்காதா?" என்ற கேள்வி நியாயமானது. அரைகுறை வேலை ஆபத்துதான். ஃப்யூஸ் போகிறது என்று பெரிய ஃப்யூஸ் போடுபவர் தீக்குச்சி வைப்பதற்குச் சமம். புது வண்டிகளில் கூரை ஓரத்தில் ஏர்பேக் இருக்கும், அங்கே தெரியாமல் கைவைக்கக் கூடாது. கேமரா கேபிளைச் சாதாரண வயர் மாதிரி வெட்டி ஒட்டினால் படம் வராது, அந்தக் கேபிளை மாற்றத்தான் வேண்டும். எல்லோரும் தானே செய்ய வேண்டும் என்பதில்லை. தெருமுனைப் பட்டறை செய்தாலும் போதும். ஆனால் யார் செய்தாலும் அவருக்கு ஒன்று தேவை: எந்தக் கலர் வயர் எங்கே போகிறது என்று சொல்லும் வயரிங் வரைபடம்.

வரைபடம் யாருக்குச் சொந்தம்?

இதுதான் இந்த விஷயத்தின் அடிமடி. ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் போட்ட 715/2007 விதியில், கார் கம்பெனிகள் வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டிய தகவல் பட்டியலில் வயரிங் வரைபடத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் காரைப் பழுதுபார்க்கும் உரிமை பற்றிய சட்டம் வந்தது. 2020-ல் திரும்பவும் வாக்கெடுப்பு, இந்த முறை வண்டி கம்பியில்லாமல் அனுப்பும் தகவலுக்காக. சுமார் 75 சதவீதம் பேர் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். வயரும் வரைபடமும் சின்ன விஷயம் என்று நினைத்திருந்தால் இத்தனை பேர் வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். அமெரிக்காவில் 2018 மே முதல் புதுக் கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம். அது பாதுகாப்புச் சாமான் என்பதால், அதன் கேபிள் தேய்ந்தபோது டெஸ்லா இலவசமாகச் சரிசெய்து தர வேண்டி வந்தது. செய்தது என்ன? கேபிளுக்கு ஒரு பாதுகாப்பு வழிகாட்டி வைத்து, தேய்ந்திருந்தால் புதுக் கேபிள் போட்டார்கள். ஆக, தீர்வு கம்பெனிக்குத் தெரியாமல் இல்லை. வயர் போகும் பாதையைச் சரியாக வைத்தால் ஒடியாது. சட்டம் கழுத்தைப் பிடிக்கும்போது தெரிகிற தீர்வு, வரைபலகையில் இருக்கும்போதும் தெரிந்திருக்க வேண்டாமா? மெல்லிய இழை வயர், கொஞ்சம் அதிக நீளம், கழற்றி மாட்டும்படி கதவுக்கும் கூரைக்கும் ஒவ்வொரு கனெக்டர். இவ்வளவுதான் கேட்பது. அந்தக் கனெக்டர் இருந்தால் ஒரு சாண் வயரை மட்டும் கழற்றி மாற்றலாம், கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை.

கதவுகளில் ஏறும் சாமான் குறையப்போவதில்லை. அன்றைக்கு வைப்பரும் விளக்கும். இன்றைக்கு கேமரா, தானே திறக்கும் மோட்டார், ஆன்டெனா. வயர் கூடக் கூட ஒடிவதும் கூடும். ஒடிந்த வயரைப் பார்க்கத் தெரிந்தவர்களும் கூடினால்தான் கணக்கு நேராகும்.

ஆகவே, பழைய காரைத் தள்ளி விடலாம் என்று யாராவது பெருமூச்சு விட்டால், பழைய இரும்புக்காரரின் நம்பரைக் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். டிக்கியைத் திறந்து, கீல் ஓரத்து ரப்பர் உறையை இறக்கி, உள்ளே இருக்கும் வயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டால், வண்டிக்கு வயசாகவில்லை. வயருக்குத்தான் வயசாகியிருக்கிறது.